ஒன்றாம் எண் கழுத்து

சேர்வராயன் மலையில் ஒரு கழுத்தில்கூடக் கழலை கிடையாது என்று 1983ஆம் வருஷம் மார்கழி மாதத்தில் அதிகாரபூர்வமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இது கட்டுக்கதை என்று யாராவது கிளம்பிவிடுவார்கள்.

ஏற்காட்டில் ‘மலைவாழ் மக்கள் கழலை ஒழிப்புச் சிறப்பு நிலையம்’ என்று ஓர் ஆபீஸ் இருந்தது. கழலை என்பது தொண்டையில் இருக்கும் தைராய்டு சுரப்பி வீங்கி உருண்டு நிற்பது. மலையில் அயோடின் சத்து குறைவு, அதனால் மலைச்சனங்களுக்கு இது வரும், அயோடின் கலந்த உப்பைக் கொடுத்தால் வராது என்பது திட்டம். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் அதற்கு ஓர் ஆபீஸ் திறந்த பிறகு வந்ததுதான். பதினோரு பேருக்கு உத்தியோகம், ஒரு ஜீப்பு, மூன்று பீரோ, நாற்காலிக்கு நாற்காலி ஒரு பூத்துவாலை. எல்லாருக்கும் மேலே சிறப்பு அலுவலர் டாக்டர் பூவராகன். அவர் ஒரு மனுஷக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. கீழ்நாட்டுக்காரர், குளிர் ஒத்துக்கொள்ளாது. எனவே ஆபீஸை விட்டு வெளியே வரமாட்டார்.

கணக்கெடுப்பை மார்கழிக்குள் முடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஆபீஸ்காரர்கள் ஜீப்பில் ஏறி நாகலூர், கொட்டச்சேடு, தலைச்சோலை என்று மூன்றே நாளில் பதினேழு ஊர் பார்த்தார்கள். மார்கழிப் பனியில் மலைமேல் எவர் கழுத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்பார்? ஆண்பிள்ளைகள் மப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றியிருந்தார்கள். பெண்பிள்ளைகள் முந்தானைக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் சால்வை. குழந்தைகள் குரங்குக் குல்லாய்க்குள் கண் மட்டும் தெரிய நின்றன. கழுத்தை மூடியிருந்தால் என்ன செய்வது என்று படிவத்தில் சொல்லியிருக்கவில்லை. படிவத்தில் இருந்தவை இரண்டே கட்டங்கள்: ‘கழலை தென்பட்டது’, ‘கழலை தென்படவில்லை’. ஆபீஸ்காரர்கள் பொய் சொல்லத் தெரியாதவர்கள். தென்படாததைத் தென்படவில்லை என்றே குறித்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் கழுத்து, கழலை பூஜ்யம்.

தேசத்திலேயே முதல் கழலையற்ற மலை என்று சொல்லி டாக்டர் பூவராகனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதைப் பீரோவுக்கு மேலே வைத்து, பத்தி ஏற்றாத குறையாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம் சந்தோஷமாகப் போயிற்று. அப்புறம் அதே மேலிடத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. கழலை ஒழிந்துவிட்டபடியால் ஒழிப்பு நிலையம் எதற்கு என்று விளக்க வேண்டும், ஆய்வுக் கமிட்டி நேரில் வந்து பார்க்கும், தேவையில்லை என்று தெரிந்தால் பதினோரு பேரையும் கீழே அனுப்பிவிடும் என்று அதில் எழுதியிருந்தது.

ஆபீஸில் அடுப்பில்லை, இருந்திருந்தால் அன்றைக்கு எரிந்திருக்காது. மறுபடி கணக்கெடுக்கலாமே என்றார் ஒரு குமாஸ்தா.

"மறுபடி எடுத்தா முன்னாடி எடுத்தது பொய்னு ஆயிடும்யா" என்றார் பூவராகன். "கேடயத்தைத் திருப்பிக் கேட்பான். பழைய கழலை ஒண்ணுகூட இருக்கப்படாது. ஆனா புதுசா ஒண்ணு தோணியிருந்தா, அதுக்கு யாரும் நம்மளைக் குத்தம் சொல்ல முடியாது. ஒண்ணு போதும். ரெண்டாவது வந்தா பரவுதுன்னு பேராயிடும்."

அந்த ஒன்றுக்காக ஆபீஸ் காத்திருந்த வேளையில்தான், 1984 நவம்பரில், நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காப்பிப் பழம் பறிக்கிற செல்வமேரிக்குக் கழுத்தில் கட்டி வந்தது.

செல்வமேரிக்கு நாற்பத்தோரு வயசு. புருஷன் ஜேசுதாஸ் அதே எஸ்டேட்டில் பழம் அரைக்கிற மிஷினைப் பார்த்துக்கொள்கிறவன். ஒரே பெண் அமலி, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது செல்வமேரியின் கழுத்துச் சங்கிலியில் இருந்த மாதா சுரூபப் பதக்கம் இடதுபக்கமாகச் சரிந்து சரிந்து போனது. சங்கிலி முறுக்கிக்கொண்டது என்று நினைத்துக் கையை வைத்தாள். உள்ளே நெல்லிக்காய் அளவில் ஒன்று தட்டுப்பட்டது. எச்சிலை விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கியது.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. ஜேசுதாஸ் சவரம் பண்ணுகிற கண்ணாடி முன்னால் நின்று அண்ணாந்து விழுங்கிப் பார்ப்பாள். காலையில் சிறுத்த மாதிரி இருக்கும், மத்தியானம் பெருத்த மாதிரி இருக்கும். பழம் பறிக்கிற கை பாதியில் கூடையை விட்டுக் கழுத்துக்குப் போய்விடும். கோயிலில் பிரசங்கத்தைக் கேட்காமல் சாமியாரின் குரல்வளை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் படுகிற கழுத்தெல்லாம் தன்னுடையதைவிட நல்லதாகத் தெரிந்தது. போன வருஷம் தலைச்சோலையில் சின்னத்தாயி என்று ஒருத்தி இப்படித்தான் கழுத்தில் கட்டி வந்து, கஞ்சி இறங்காமல் செத்துப்போனாள். செல்வமேரிக்கு அந்த நினைப்பு வந்தால் அப்புறம் சோறு இறங்காது. சோறு இறங்காததைக் கண்டு, கட்டிதான் அடைக்கிறது என்று பயம் இன்னும் கூடும்.

"ஏனுங்க, கொஞ்சம் தொட்டுப் பாருங்க. நேத்தைக்கு இன்னிக்குப் பெருசா இருக்குதுங்களா?"

"நேத்தும் இதேதான் கேட்ட. தொட்டுத் தொட்டு எங்கை தேஞ்சுபோச்சு புள்ள. அது அப்பிடியேதான் இருக்குது."

"பொய் சொல்லறீங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இது கொல்லுகிற கட்டியா, கொல்லாத கட்டியா என்று யாராவது சொல்லிவிட வேண்டும். கொல்லுகிறதுதான் என்று சொன்னால்கூட அமலிக்கு ஒரு வழி பண்ணிவிட்டுச் சாகலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவைத்திருந்தாள்.

பக்கத்துத் தோட்டத்துக் கிருஷ்ணம்மாள் நல்ல யோசனை சொல்லுகிறவள். அவள் கழுத்தில் பத்து வருஷமாகக் கொய்யாக்காய் அளவுக்கு ஒன்று தொங்குகிறது. "அதுக்குன்னே ஆபீசு வெச்சிருக்கறாங்களாமா ஏற்காட்டுல. போயிக் கேட்டாத்தானே தெரியும். நீ மொதல்ல போயிப் பாரு கண்ணு, என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கிட்டு நானும் வாறேன்" என்றாள்.

செல்வமேரி ஆபீஸ் படியேறியபோது, அளவு எடுக்கிற உத்தியோகத்தில் இருந்த ஐயாக்கண்ணு வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். உத்தியோகம் கிடைத்து மூன்று வருஷத்தில் அவர் டேப்பால் அளந்தது ஜன்னல் திரைச்சீலையை மட்டும்தான். அவளுடைய கழுத்தைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் உள்ளே ஓடினார்.

"சார்! வந்துருச்சுங்க சார்!"

பதினோரு பேரும் எழுந்துவந்தார்கள். டாக்டர் பூவராகன்கூட வந்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "விழுங்கும்மா" என்றார்கள். டைப் அடிக்கிறவர் பார்த்தார், ஜீப்பு டிரைவர் பார்த்தார், தபால் கொண்டுவந்தவர்கூட ஒரு தரம் பார்த்தார். எட்டாவது ஆளுக்கே அவளிடம் எச்சில் தீர்ந்துபோயிற்று. மீதிப்பேருக்காக டீ வாங்கிவந்து கொடுத்து விழுங்கச் சொன்னார்கள்.

"அருமையான கேஸ்" என்றார் பூவராகன், கண் கலங்கி. "எவ்வளவு நாளா இருக்கு?"

"போன மாசந்தானுங்க பாத்தேன்."

"கேட்டீங்களாய்யா? போன மாசம். கணக்கெடுப்புக்கு அப்புறம்!" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, நீ ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா எங்களுக்கு எவ்வளவு தொந்தரவு. மகராசி, சரியான நேரத்துல வந்தே."

"ஏனுங்க டாக்டரய்யா, இது செத்துப்போற கட்டிங்களா?"

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல பேர் சொல்லு."

ஒரு புதுப் பேரேடு திறந்து, ‘கழுத்து எண் 1’ என்று சிவப்பு மையில் எழுதி, அவள் பெயரை அதற்குக் கீழே சின்னதாகப் போட்டார்கள். வாரம் ஒரு தரம் அளவெடுக்க வர வேண்டும், வெளியூர் போவதானால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று சொன்னார்கள். போகும்போது ஒரு பொட்டலம் கல்லுப்பு கொடுத்தார்கள். அயோடின் உப்பு கொடுப்பதற்காகவே திறந்த ஆபீஸ் அது. பின்னால் ஒரு கொட்டகை நிறைய அயோடின் உப்பு மூட்டை இருந்தது. அதைத் தொடவே கூடாது, சாதாக் கல்லுப்புதான் சாப்பிட வேண்டும் என்று ஐயாக்கண்ணு அவளிடம் இரண்டு தரம் சொன்னார். கமிட்டி வருவதற்குள் கட்டி கரைந்துவிட்டால் என்ன செய்வது?

கட்டி கரையவில்லை. வாரா வாரம் புதன்கிழமை ஜீப்பு எஸ்டேட் வாசலில் வந்து நிற்கும். எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் ஆள்பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளை அனுப்புவார். ஆபீஸில் ஐயாக்கண்ணு டேப்பைச் சுற்றி அளவைச் சத்தமாகச் சொல்லுவார், குமாஸ்தா திருப்பிச் சொல்லி எழுதுவார், பூவராகன் கையெழுத்துப் போடுவார். சுவரில் ஒரு பெரிய வரைபடம் ஒட்டி, புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். கோடு ஏற ஏற ஆபீஸில் முகங்கள் தெளிந்தன. ஒரு வாரம் கால் அங்குலம் கூடியிருந்தபோது கேசரி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார்கள். அவளுக்கும் ஒரு பங்கு வந்தது. அவள் அதை விழுங்க முடியாமல் இலையிலேயே மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

இந்த உபசாரத்தைப் பார்த்துக் கிருஷ்ணம்மாளும் ஒரு புதன்கிழமை ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தாள். தானாகவே முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். பூவராகன் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் இல்லை."

"ஏனுங்க சாமி, இதோ தொங்குதுங்களே."

"எவ்வளவு வருஷமா?"

"பத்து வருசமாச்சுங்க."

"பார்த்தியா? பத்து வருஷமா இருந்தா கணக்கெடுப்புல வந்திருக்கணும். வரலை. அப்போ இல்லை." அவர் நியாயமான மனிதர், வெறுங்கையோடு அனுப்பவில்லை. ‘மேற்படி நபருக்குக் கழலை இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது’ என்று டைப் அடித்து, முத்திரை குத்தி, கையில் கொடுத்து அனுப்பினார். கிருஷ்ணம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருந்துச் சீட்டு என்று நினைத்து ஏற்காடு கடைவீதியில் மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினாள்.

தை மாதக் கடைசியில் செல்வமேரிக்கு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு டேப்பை எடுத்தவுடன் ஐயாக்கண்ணுவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, நேரே பூவராகனின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அளந்தது போதுமுங்க. நொம்ப பயமா இருக்குதுங்க. ஊசி குத்திச் சோதிச்சுப் பாத்தாத் தெரியுமாமுங்களே, என்ன கட்டின்னு. சேலத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, போயிப் பாத்துக்கறேன்."

பூவராகன் பேனாவை மூடி வைத்தார். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"இதோ பாரும்மா. சோதனைன்னு ஒண்ணு பண்ணினா முடிவுன்னு ஒண்ணு வரும். சாதாக் கழலைன்னு வந்தா நம்ம கேஸு. புத்துநோய்னு வந்துட்டா? அது நம்ம துறையே கிடையாது. உன்னை அப்படியே தூக்கி வேற துறைக்குக் கொடுத்துடணும். அப்புறம் கமிட்டிக்கு நான் எதைக் காட்டுவேன்? உன் கழுத்தை நம்பி இங்கே பதினோரு குடும்பம் இருக்கு. அதுல எட்டு வீட்டுல ஸ்கூல் போற குழந்தைங்க."

"எனக்கும் ஒரு புள்ள இருக்குதுங்க."

"அதான் சொல்றேன். பிள்ளைகுட்டிக்காரி நீ, உனக்கே புரியணும்."

"அப்ப ஆப்பரேசன் பண்ணி எடுத்துப்போட்டுட்டா?"

"ஐயையோ" என்றார் பூவராகன். அந்த ஆபீஸில் ஒரு நோயாளிக்காக அவர் உண்மையாகவே பதறியது அந்த ஒரு தரம்தான். "எடுத்துட்டா ஒழிஞ்சிடுமே!"

"ஒழிக்கறதுக்குத்தானுங்களே ஆபீசு?"

"ஒழிக்கறது எங்க வேலை. நீயாப் போய் ஒழிச்சுக்கப்படாது. கமிட்டி வரட்டும்."

கமிட்டி டிசம்பரில் வருவதாக இருந்தது. டில்லிக்காரர்களுக்கே ஏற்காட்டுக் குளிர் ஆகாது என்று சொல்லிப் பிப்ரவரிக்குத் தள்ளினார்கள். பிப்ரவரியில், கோடை விழா எப்போது, மலர்க் கண்காட்சி எத்தனை நாள், குடும்பத்தோடு தங்க ரூம் கிடைக்குமா என்று விசாரித்து ஒரு கடிதம் வந்தது. கழலையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. மார்ச் முடிகிற வேளையில்தான், ஆய்வு மே மாதம் கடைசி வாரம் என்று முடிவாயிற்று.

மே மாதம் வரை கழுத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று சொன்ன அன்றைக்குச் செல்வமேரி வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நிற்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஜேசுதாஸ் மிஷின் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அந்த ஆபீசுக்காரன் உன்னையென்ன தத்தா எடுத்திருக்கறான்? நாளைக்கு மொத பஸ்ஸுக்கு ஏறு."

கொண்டை ஊசி வளைவு இருபதும் இறங்கி முடிகிறவரை அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, ஒரே தரம் விழுங்கச் சொன்னார். டேப்பே எடுக்கவில்லை. இது அவளுக்குக் கொஞ்சம் சந்தேகமாகக்கூட இருந்தது.

"இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

"அளந்துக்கிட்டு இருந்தாங்கம்மா" என்றாள் செல்வமேரி.

டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். மூச்சுக்குழாயை அழுத்துகிறது, எடுத்துவிட வேண்டும். குரல் நரம்பு பக்கத்திலேயே போகிறது, கொஞ்ச காலம் குரல் கம்மலாம். எடுத்த கட்டியைச் சென்னைக்கு அனுப்பிச் சோதித்தால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். அதற்குப் பதினைந்து நாள் ஆகும். செல்வமேரிக்கு எல்லாம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நாலு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் அவளைப் பார்த்துப் பேசினார், கழுத்தைப் பார்த்துப் பேசவில்லை. சரிங்கம்மா என்றாள்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏழாம் நாள் தையல் பிரித்து, கழுத்தில் கட்டோடும் காற்றுப்போன குரலோடும் மலையேறினாள். மறுநாள் புதன்கிழமை. ஜீப்பு வந்தது. ஐயாக்கண்ணு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார், கட்டைப் பார்த்தார், அப்படியே ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆபீஸில் அன்றைக்கு ஒருவரும் சாப்பிடவில்லை. சுவர் வரைபடத்தில் ஏறிக்கொண்டே போன கோடு அந்தரத்தில் நின்றது. மூன்றாம் நாள் செல்வமேரிக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அரசின் மேற்பார்வையில் வளர்ந்துவந்த கழலையை முன்னனுமதி இன்றி அகற்றிக்கொண்டமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தது. எஸ்டேட் ரைட்டர் படித்துச் சொன்னபோது ஜேசுதாஸ், "உசுரு வேணும்னு எடுத்துக்கிட்டோமுங்கன்னு எழுதுங்க" என்றான். அது காரணம் ஆகாது என்று பதில் வந்தது.

பதினைந்தாம் நாள் சோதனை முடிவு வாங்கச் செல்வமேரி சேலத்துக்குப் போனாள். பஸ்ஸில் உட்கார்ந்து நூற்றைம்பத்து மூன்று மணி ஜெபமாலையும் சொல்லி முடித்தாள். ஆஸ்பத்திரிக் குமாஸ்தா பேரேட்டைப் புரட்டினார்.

"முந்தாநேத்தே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே, உங்க ஆபீஸ்காரங்க. ஜீப்புல வந்தாங்க, சர்க்கார் முத்திரை வெச்ச லெட்டர் காட்டினாங்க. சென்னையிலிருந்து வந்த கவரைப் பிரிக்காமலே குடுத்துட்டேன். கூடத் திரும்பி வந்த கட்டி பாட்டிலையும் எடுத்துக்கிட்டாங்க."

டாக்டரம்மா குமாஸ்தாவைப் பிடி பிடியென்று பிடித்தார். நகல் கேட்டுச் சென்னைக்கு எழுதுகிறேன், வர ஒரு மாதம் ஆகும் என்றார். செல்வமேரி அங்கிருந்து நேரே ஏற்காட்டு ஆபீஸுக்கு வந்தாள். பூவராகன் அவளை உட்காரச் சொல்லவில்லை. கட்டி இல்லாத கழுத்துக்கு நாற்காலி கிடையாது. கட்டி அவருக்குப் பின்னால், கேடயத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பாட்டிலில் மிதந்துகொண்டிருந்தது. ‘கழுத்து எண் 1’ என்று அதற்குச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

"கவரக் குடுத்துருங்க டாக்டரய்யா" என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"அது ஃபைல்ல சேர்ந்தாச்சு. சீல் வெச்சிருக்கு. கமிட்டி முன்னாடிதான் பிரிக்கணும்."

"நாஞ் சாவறனா பொழைக்கறனான்னு அதுலதானுங்க எழுதியிருக்குது."

"அதனாலதான் சீல் வெச்சிருக்கு" என்றார் பூவராகன். "அதைப் பிரிச்சு, வேற துறைன்னு வந்துட்டா, கமிட்டி பாதி வழியிலேயே திரும்பிடும். தெரியாத வரைக்கும் எங்க கேஸ்தான். அஞ்சு வாரம் பொறுத்துக்கோ. நாங்க மட்டும் பொறுக்கலையா?"

அந்த ஐந்து வாரத்தைப் பற்றிக் கேலியாகச் சொல்ல ஒன்றுமில்லை. தன்னுடைய ஆயுள் எவ்வளவு என்று எழுதிய காகிதம் இரண்டு மைல் தூரத்தில் ஒரு பீரோவுக்குள் இருக்கிறது, சாவி இன்னொருவன் இடுப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒரு பெண்பிள்ளை காலையில் எழுந்து சோறாக்கினாள், மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். கட்டி இருந்த இடத்தில் கை போகும். அங்கே ஒன்றுமில்லை, தழும்புதான். அப்போதும் பயம் அங்கேயேதான் இருந்தது. சென்னையிலிருந்து நகலும் வந்தபாடில்லை.

மே மாதக் கடைசியில் கமிட்டி வந்தது. நாலு பேர் கமிட்டி, பதினாறு பேர் குடும்பம். காலையில் மலர்க் கண்காட்சி, அப்புறம் படகு, அப்புறம் சாப்பாடு. மூன்று மணிக்குத்தான் ஆபீஸ் வாசலில் போட்ட பந்தலுக்கு வந்தார்கள். பிஸ்கட் பொட்டலம் தருவதாகச் சொல்லி ஜீப்பில் அள்ளிக்கொண்டுவந்த சனம் தரையில் உட்கார்ந்திருந்தது. அதில் கிருஷ்ணம்மாளும் ஒருத்தி. மேடையில் பட்டுத்துணி விரித்த மேஜைமேல் பாட்டில் இருந்தது. அதற்கு ஒரு ரோஜாமாலை போட்டிருந்தார்கள். சனத்துக்கு முன்னால் ஒற்றை நாற்காலி போட்டுச் செல்வமேரியை உட்காரவைத்திருந்தார்கள். அவளுக்கு மாலை இல்லை.

கமிட்டித் தலைவர் தமிழ் தெரிந்தவர். முக்கால் மணி நேரம் பேசினார்.

"ஒரு நோயை ஒழிப்பது சுலபம், நண்பர்களே. எவர் வேண்டுமானாலும் செய்துவிடலாம். ஆனால் ஒழித்துக்கொண்டே இருப்பது இருக்கிறதே, அதற்குத்தான் நிர்வாகத் திறமை வேண்டும். ஒரேயடியாக ஒழித்துவிட்டால் நமக்குப் பின்னால் வருகிற அதிகாரிகளுக்கு எதை மிச்சம் வைப்போம்? அந்தத் தியாக உணர்வை இந்த நிலையத்தில் காண்கிறேன்" என்றார். பந்தலில் கைதட்டினார்கள். பிஸ்கட் அதற்கப்புறம்தான் என்று முன்பே சொல்லிவைத்திருந்தது.

பிறகு கவரைக் கொண்டுவரச் சொன்னார். ஐயாக்கண்ணு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். தலைவர் அரக்கை உடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாய்க்குள்ளேயே படித்தார். படித்துவிட்டுப் பூவராகனிடம் நீட்டினார்.

செல்வமேரிக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்தாலும் காகிதம் அவள் கைக்கு வரப்போவதில்லை. அவள் பூவராகனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சுருங்கினால் தனக்குச் சாவு. அது வேறு துறை. அந்த முகம் விரிந்தால் தனக்கு உயிர். அந்த மனுஷன் சந்தோஷப்பட வேண்டுமே மாதாவே என்று, ஆயுசில் நினைத்தே பார்த்திராத ஒரு வேண்டுதலை அவள் வேண்டினாள். பூவராகன் முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியைப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார்.

அவர் முகம் விரிந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு. எழுந்து நின்று, "நம்ம கேஸு! நம்ம கேஸு!" என்று கத்தினார். குமாஸ்தாக்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். தலைவர் ஒலிபெருக்கியில், நிலையம் இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கப்படுகிறது, நாலு உத்தியோகம் கூடுதல் என்று அறிவித்தார். கட்டி கெட்டதில்லை, இந்தம்மாள் பிழைத்தாள் என்று ஒருவரும் அறிவிக்கவில்லை. அந்த ஆரவாரத்தின் நடுவில் செல்வமேரி நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள்.

அழுகையைப் பூவராகன் நன்றி என்று எடுத்துக்கொண்டார். ஒலிபெருக்கியை அவள் வாய்க்கு முன்னால் நீட்டினார். "உன்னை எப்படிப் பார்த்துக்கிட்டோம்னு ஐயாகிட்ட நாலு வார்த்தை சொல்லும்மா." சொல்லிக்கொண்டே அவர் கண் பந்தலில் இருந்த கழுத்துகளின்மேல் மேய்ந்தது. அடுத்த ஆய்வுக்குப் புதிதாக ஒன்று வேண்டுமே. கிருஷ்ணம்மாளிடம் வந்ததும் கண் நின்றது. சான்றிதழ் கொடுத்தது நினைவு வந்திருக்க வேண்டும். கணக்கெடுப்புக்கு அப்புறம் வந்தது என்று எழுதிக்கொள்ளலாமா என்றும் ஒரு யோசனை ஓடியிருக்க வேண்டும். விரலை நீட்டி ஐயாக்கண்ணுவிடம் ஏதோ சொன்னார். ஐயாக்கண்ணு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

செல்வமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கம்மிப்போன அந்தக் குரல் ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.

"கிருஷ்ணம்மாக்கா, எந்திரிங்க. அளக்க உடாதீங்க. அஞ்சு மணி பஸ்ஸு நிக்குது, சேலத்துக்குப் போலாம் வாங்க. இந்த மாதிரி கழுத்து வெச்சிருக்கறவங்க ஆரு இருந்தாலும் எங்கூட வாங்க."

கிருஷ்ணம்மாள் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் கொட்டச்சேட்டுக்காரி ஒருத்தி, தலைச்சோலைக்காரர் இரண்டு பேர், இன்னும் யார் யாரோ முந்தானையையும் துண்டையும் விலக்கிக்கொண்டு எழுந்தார்கள். மொத்தம் பதினான்கு பேர். கண்டக்டர் இடம் போதாது என்று கத்த, நின்றுகொண்டே போகிறோம் என்று ஏறிக்கொண்டார்கள்.

அன்றைய விழாவின் நடவடிக்கைக் குறிப்பு ஆபீஸில் இருக்கிறது. அதன் கடைசி வரி: ‘பயனாளி திருமதி செல்வமேரி நன்றியுரை ஆற்றினார், கழலை ஏதும் தென்படவில்லை.’